தலைக்கணக்கும் பெண் தொழிலாளர் நலனும்

பெண் தொழிலாளர் நலம் பற்றிய நம் சட்டங்களைப் படித்தால் முதலில் கண்ணில் படுபவை எண்கள்தான். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-இன் தொழிற்சாலைகள் சட்டப்படி 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டியிருந்தது. 150 தொழிலாளருக்கு மேல் இருந்தால் ஓய்வறை, 250-ஐத் தாண்டினால் கேன்டீன், 500 பேர் இருந்தால் நல அலுவலர். பின்னால் வந்த சட்டங்களும் இதே வழியில்தான் போயின. பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு; பத்துப் பேர் இருந்தால் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு. இந்த எண்களுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. நான்கு பேரை வைத்துப் பிழைக்கிறவரிடம் போய்க் கேன்டீன் கட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் கடலூர் மாவட்டத்துப் பெண்கள் எங்கெங்கே வேலை செய்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து இதே பட்டியலைப் படித்தால், யாருக்காக இதை எழுதினார்கள் என்ற கேள்வி எழாமல் போகாது.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனால் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என்று சிப்காட் வளாகம் நீள்கிறது. 1980-களில் வந்தது. பூச்சிமருந்து, மருந்து மூலப்பொருள், சாயம், பி.வி.சி. என்று பெரும்பாலும் வேதிப்பொருள் ஆலைகள். அங்கே உள்ளூர்ப் பெண்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பேக்கிங், கூட்டிப் பெருக்குதல், தோட்ட வேலை, கேன்டீன் வேலை. அதுவும் கான்ட்ராக்டர் மூலம். மேற்கே பண்ருட்டியைச் சுற்றி ஊருக்கு ஊர் முந்திரிக் கம்பெனிகள். விருத்தாசலத்தில் பொம்மையும் அகல் விளக்கும் செய்யும் செராமிக் பட்டறைகள். முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் கிள்ளையிலும் மீன் தரம் பிரித்துக் கருவாடு காயவைப்பவர்கள். காட்டுமன்னார்கோவில் பக்கம் வெடிப் பட்டறைகள். சிதம்பரத்துக்குள் வந்தால் துணிக்கடை, நகைக்கடை வேலை. இவற்றில் பெரிய கேட்டும் நேரம் பதியும் எந்திரமும் உள்ள இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டமோ கேட்டுக்கு உள்ளே இருப்பவரைத்தான் எண்ணுகிறது.

நலச் சட்டங்கள் ஏட்டோடு சரி, அவற்றால் ஒரு பயனும் இல்லை என்று சொல்வது இன்று சுலபமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1929-இல் பம்பாய் மாகாணமும், 1934-இல் சென்னை மாகாணமும் மகப்பேறு நலச் சட்டம் கொண்டுவருவதற்கு முன்னால், பிள்ளை பெற்ற ஆலைத் தொழிலாளிக்குச் சட்டப்படி விடுப்பும் கிடையாது, கூலியும் கிடையாது. அதே காலத்தில்தான் கடலூர் முதுநகரின் விடுதலைப் போராளி அஞ்சலை அம்மாள் நிறைமாதக் கர்ப்பிணியாக வேலூர்ச் சிறையில் கிடந்தார். பிரசவத்துக்கு வெளியே விட்டு, பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் மறுபடி உள்ளே அடைத்தார்கள். பேறுகாலம் என்பது பெண்ணின் சொந்தப் பாடு, அதில் அரசுக்கும் முதலாளிக்கும் என்ன வேலை என்று எல்லோரும் நினைத்த காலம் அது. அந்த நினைப்பைச் சட்டம்தான் உடைத்தது. தொழிற்சாலைகள் சட்டம் கழிப்பறையையும் கைகழுவும் இடத்தையும் உட்காரும் இருக்கையையும் முதலாளியின் தயவிலிருந்து எடுத்துக் கடமைக் கணக்கில் வைத்தது. ஆலை உரிமம் பெற வேண்டுமானால் வரைபடத்திலேயே பெண்களுக்குத் தனிக் கழிப்பறையைக் காட்டியாக வேண்டும். பெரிய ஆலைகளில் இன்று இதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை என்றால் அது அந்தச் சட்டத்தின் வெற்றி.

அந்தச் சட்டத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு பண்ருட்டிப் பக்கம் போய்ப் பார்க்கலாம்.

முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. கருத்துப் பிசுபிசுவென்று இருக்கும். தோலில் பட்டால் அரிக்கும், கொப்புளம் கிளப்பும், தோல் உரிந்துவிடும். கொட்டையை வேகவைத்தோ வறுத்தோ ஆறவிட்டு, பெண்கள் ஒவ்வொன்றாகக் கட்டிங் மெஷினில் வைத்து உடைக்கிறார்கள். ஒரு கை கொட்டையைப் பிடிக்க, காலோ இன்னொரு கையோ நெம்புகோலை அழுத்த, ஓடு பிளக்கும். பருப்பை முறியாமல் எடுக்க வேண்டும். நாள் முழுக்க இதே வேலை. விரல் நுனிகளிலும் நகக்கண்களிலும் ஏறும் கறுப்பு, சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எண்ணெய் பிடிக்காமல் இருக்கச் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள், அல்லது விளக்கெண்ணெயைத் தடவிக்கொள்வார்கள். அந்தக் கையால்தான் வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைய வேண்டும், பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். உடைத்த பருப்பைச் சூட்டில் உலர்த்திய பிறகு தோல் உரிப்பதும், முழுசு, பாதி, நொறுங்கல் என்று தரம் பிரிப்பதும் பெண்கள் வேலையே. கொட்டை வேகவைப்பது, மூட்டை தூக்குவது போன்றவை ஆண்கள் வேலை. அவர்களுக்கு நாள் கூலி. உடைக்கிறவர்களுக்கும் உரிக்கிறவர்களுக்கும் பெரும்பாலும் கிலோ கணக்கு.

இங்கே பெண் தொழிலாளர் நலம் என்றால் கையுறை, நல்ல சோப்பு, தண்ணீர் வரும் குழாய், காற்றோட்டம். கேட்பதற்குச் சின்ன விஷயங்கள். கையுறை வாங்கிக் கொடுத்த கம்பெனிகளும் உண்டு. ஆனால் பெண்கள் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அறியாமை என்று மேற்பார்வையாளர்கள் அதைச் சொல்வார்கள், அறியாமை இல்லை. கையுறை போட்டால் விரலுக்குப் பருப்புத் தட்டுப்படாது, முறியும், முறிந்தால் தரம் இறங்கும், வேகமும் குறையும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பெண், தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தால் அதற்கான விலையைத் தன் கூலியிலிருந்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. கூலி முறையைத் தொடாமல் பாதுகாப்புச் சாதனத்தை மட்டும் கொடுக்கும் எந்த நலத்திட்டமும் இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். கையுறை போட்டு எவ்வளவு உடைக்க முடியுமோ அதை அளவாக வைத்துக் கிலோ கூலியை நிர்ணயித்தால் மட்டுமே கையுறை கையில் நிற்கும். தமிழ்நாட்டின் குறைந்தபட்சக் கூலி அட்டவணையில் முந்திரித் தொழிலும் இருக்கிறது. ஆகவே அந்தக் கணக்கைப் போட அரசுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்ல முடியாது.

அடுத்து அந்த எண்களுக்கு வருவோம். காப்பகத்துக்கான வரம்பு முதலில் 50 பெண்கள் என்று இருந்தது. 1976-இல் செய்த திருத்தம் அதை 30 ஆக்கியது. நல்ல நோக்கம்தான். ஆனால் பெண்களை மட்டும் எண்ணும் அந்த வரம்பில் ஒரு பெரிய கோளாறு இருந்தது. 30 பேர் வரைக்கும் செலவில்லை. அடுத்த பெண் வந்தால் தனி அறை, தொட்டில், பால், பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. அப்படியானால் அடுத்த பெண்ணை எடுக்காமல் இருப்பதும், எடுத்தாலும் ஏட்டில் ஏற்றாமல் இருப்பதும், ஒரே வளாகத்தை இரண்டு பெயரில் பிரித்துக் காட்டுவதும் லாபம் என்று ஆகிவிட்டது. தொட்டில் கட்டச் சொன்ன சட்டம், தன்னை அறியாமலே, பெண்ணை எண்ணாமல் விடுவதற்கும் ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டது. அதோடு உரிக்கும் வேலையை வீட்டுக்கே அனுப்பிவிட்டால் எண்ணுவதற்கே ஆள் இருக்காது. பருப்பு மூட்டை வீட்டுத் திண்ணைக்கு வரும். அம்மாவும் பள்ளி விட்டு வந்த மகளும் உட்கார்ந்து உரிப்பார்கள். அந்த வீட்டுக்கு எந்த ஆய்வாளரும் வர மாட்டார்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தக் கோளாறை ஓரளவு உணர்ந்திருக்கின்றன. காப்பகத்துக்கு இனி 50 பேர் என்பது வரம்பு. ஆணோ பெண்ணோ, மொத்தம் 50. பெண்ணை எடுத்தால் மட்டும் செலவு என்ற நிலை இதனால் மாறும். பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொதுக் காப்பகம் நடத்தவும் வழி இருக்கிறது. மின்சாரம் இல்லாத இடத்தில் முன்பு 20 பேர் இருந்தால்தான் சட்டம் எட்டிப் பார்க்கும். இப்போது பத்துப் பேர் உள்ள எந்த நிறுவனத்துக்கும் பொதுவான கடமைகள் உண்டு. இவை ஏற்றம். ஆனால் தொழிற்சாலை என்ற பெயரைப் பெறவே மின்சாரம் உள்ள இடத்தில் 10 என்றிருந்தது 20 ஆகவும், இல்லாத இடத்தில் 20 என்றிருந்தது 40 ஆகவும் உயர்ந்துவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கான வரம்பும் 20-லிருந்து 50-க்குப் போய்விட்டது. பண்ருட்டியின் சிறு கம்பெனிக்கும் சிப்காட்டில் ஆள் அனுப்பும் சிறு கான்ட்ராக்டருக்கும் இந்த இரண்டு உயர்வுகளும் பெரிய விடுதலை. அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

சிப்காட்டில் கதை வேறு. அங்கே ஆலைகள் எண்ணிக்கை வரம்பைத் தாண்டியவைதான். சட்டம் முழுசாகச் செல்லும். ஆனால் அபாயகரமான வேலைகளில் பெண்களை எப்படிக் காப்பது என்ற கேள்விக்குத் தொழிற்சாலைகள் சட்டம் தந்த விடை, அவர்களை அந்த வேலையிலிருந்து விலக்குவது. அந்தச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு பெண்களையும் சிறுவர்களையும் ஒரே வரியில் வைத்துத் தடுக்கும் அதிகாரம் தந்தது. கர்ப்பிணியை ஈய நெடியிலிருந்து விலக்கி வைப்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால் எந்திரம் ஓட்டும் வேலை, நிரந்தர வேலை, நல்ல சம்பளம் எல்லாம் ஆணுக்குப் போய்விட, பெண்ணுக்கு மிஞ்சியது துடைப்பமும் பேக்கிங்கும். நெடி அவளை விட்டுவிட்டதா என்றால் அதுவும் இல்லை. ஆலையைக் கூட்டுகிறவள் மூக்கில் ஏறாத நெடி எது? கணவனின் வேலைச் சட்டையை வீட்டில் ஊறவைத்துத் துவைக்கிற மனைவி எந்தச் சட்டத்தின் கண்ணுக்கும் தெரிவதில்லை. 2004-இல் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களின் மக்கள் சிப்காட் பகுதி சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற குழுவாகச் சேர்ந்து, எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து என்ன நெடி வந்தது என்று குறித்து வைக்கவும் காற்று மாதிரி எடுக்கவும் பயிற்சி பெற்றார்கள். ஆய்வாளர் என்றோ ஒரு நாள் வருவார். இவர்கள் தினமும் அங்கேயே மூச்சு விடுகிறவர்கள். தொழிலாளர் நலத்தைக் கண்காணிக்க இதைவிட நல்ல முன்மாதிரி நம் மாவட்டத்தில் இல்லை.

2021 மே 13 அன்று, கொரோனா ஊரடங்கின் நடுவில், சிப்காட்டில் க்ரிம்சன் ஆர்கானிக்ஸ் பூச்சிமருந்து ஆலையில் நடந்த வெடிப்பில் இறந்த நான்கு பேரில் ஒருவர் பெண். அதற்கு எட்டு மாதம் முன்பு, 2020 செப்டம்பர் 4 அன்று, காட்டுமன்னார்கோவிலுக்குப் பக்கத்தில் குருங்குடி வெடிப் பட்டறையில் ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். அங்கே வெடிக்குத் திரியும் மருந்தும் வைத்துக்கொண்டிருந்தவர்கள் பெண்கள். அரசு உதவித்தொகை அறிவித்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு ஒன்று புரியும். பெரிய ஆலையில் சட்டம் இருந்தும் பெண் விளிம்பு வேலையில் இருந்தாள். சிறு பட்டறையில் பெண்தான் வேலையின் நடுவில் இருந்தாள், சட்டம் விளிம்பில் நின்றது.

மகப்பேறு நலத்துக்கு வந்தால், இருக்கிற இரண்டு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 1961-இன் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு இது பொருந்தும். உலகின் பல நாடுகளைவிட இது தாராளம். ஆனால் அந்த 26 வாரக் கூலியையும் அந்தந்த முதலாளியே கொடுக்க வேண்டும். கல்யாணமாகாத பெண்ணா, கல்யாணமாகிப் பிள்ளை பெற்றாயிற்றா என்று வேலைக்கு எடுக்கும்போதே விசாரிக்கும் வழக்கத்துக்கு இது எண்ணெய் ஊற்றியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆவது ஒப்பந்தம் இதைத்தான் எச்சரிக்கிறது: மகப்பேற்றுச் செலவைத் தனி முதலாளி தலையில் கட்டாமல் காப்பீட்டிலோ பொது நிதியிலோ இருந்து கொடுங்கள் என்கிறது. இந்தியா அந்த ஒப்பந்தத்தை இன்னும் ஏற்கவில்லை.

இ.எஸ்.ஐ. இதற்கு நேர்மாறு. ஆண் பெண் எல்லோர் கூலியிலும் முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறார்கள். பிள்ளை பெறுகிற பெண்ணுக்கு 26 வாரக் கூலி அந்தப் பொது நிதியிலிருந்து வருகிறது. பெண்ணை எடுக்காமல் தவிர்த்தால் முதலாளிக்கு ஒரு பைசா மிச்சமாகாது. நம் நாட்டு நலத்திட்டங்களிலேயே அமைப்பில் சிறந்தது இதுதான் என்பது என் கருத்து. குறை அமைப்பில் இல்லை, வாசலில் இருக்கிறது. பத்துப் பேர் வேண்டும்; ஏட்டில் பெயர் வேண்டும்; மாதக் கூலி 21,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, 2017-இல் வைத்த அந்த வரம்பு பல ஆண்டுகளாக நகரவில்லை; மகப்பேற்றுப் பணம் பெற முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். சீசனில் மட்டும் வேலை, வேலைக்கு வந்த நாளுக்கு மட்டும் பெயர் என்று இருக்கிற பெண்ணுக்கு 70 நாளை ஏட்டில் காட்டுவதே போராட்டம்.

இந்த வாசலுக்கு வெளியே நிற்கும் பெண்களைத் தமிழ்நாடு அரசு வேறு வழியில் எட்டியிருக்கிறது. அதைத் தாராளமாகப் பாராட்ட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 18,000 ரூபாய் அளவுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 செப்டம்பர் முதல் குடும்பத் தலைவிகளுக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய் உரிமைத்தொகை. கிலோ கணக்கில் கூலி வாங்கும் பெண்ணுக்குப் பஸ் காசு என்பது அன்றைய உழைப்பில் ஒரு பங்கு. அது மிஞ்சியதோடு, பக்கத்துக் கம்பெனியில் கூலி குறைவு என்றால் அடுத்த ஊருக்குப் போகும் துணிவும் வந்திருக்கிறது. யாரிடமும் கையெழுத்து வாங்காமல், முதலாளி தயவை எதிர்பார்க்காமல் கைக்கு வரும் நலம் இது. எழுபது ஆண்டுத் தொழிலாளர் சட்டம் எட்டாத வீடுகளை இந்தத் திட்டங்கள் எட்டின.

ஆனால் இவை எந்தப் பெயரில் அவளிடம் வருகின்றன என்று பாருங்கள். கர்ப்பிணி என்று வருகிறது, குடும்பத் தலைவி என்று வருகிறது, பயணி என்று வருகிறது. தொழிலாளி என்று வருவது அபூர்வம். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டம் போன்ற ஒன்றிரண்டில்தான் அவள் தொழில் அவள் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியம் தொழிலாளி என்று அட்டை தருகிறது, உண்மைதான். முதலாளி இல்லாமல் அவளே பதிவு செய்துகொள்ளலாம் என்பது அதன் பெரிய பலம். ஆனால் அது பிள்ளையின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் சாவுக்கும் பணம் தருகிறது. அவள் கை வெந்து போவதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. கேரள முந்திரித் தொழிலாளிகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்த அன்னா லிண்ட்பெர்க், தொழிற்சங்கமும் அரசும்கூட அந்தப் பெண்களைக் குடும்பத்தின் துணை வருமானக்காரிகளாகவே பார்த்தன என்று காட்டியிருக்கிறார். அந்தத் தொழிலில் பெரும்பாலோர் பெண்கள். சங்கமும் வலுவாக இருந்தது. அங்கேயே அந்த நிலை. நம் உதவித்தொகைகளும் தெரியாமல் அதே பார்வையை உறுதிப்படுத்திவிடக் கூடாது. மாதம் ஆயிரம் வருகிறதே, கூலி குறைந்தால் என்ன என்று ஒரு முதலாளி நினைக்கத் தொடங்கினால், அரசுப் பணம் அவருடைய கடமைக்குப் பதிலாகப் போய்விடும். ஆயிரம் ரூபாயால் பட்டறையில் ஒரு கழிப்பறை கட்ட முடியாது. தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடமில்லை என்று நாள் முழுக்கத் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் சிறுநீர்க் கடுப்பை எந்த அட்டையும் தீர்க்காது.

இரவு வேலை பற்றி ஒரு வார்த்தை. பெண்களை இரவில் ஆலையில் வைக்கக் கூடாது என்ற பழைய தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இலேயே நீக்கியது. போக்குவரத்து, தனி ஓய்வறை, தனியாக விடாமல் குழுவாக வைத்தல் போன்ற நிபந்தனைகளையும் சேர்த்தே சொன்னது. இப்போது சட்டத் தொகுப்பும் பெண்ணின் சம்மதத்தோடு இரவு வேலையை அனுமதிக்கிறது. கொள்கை சரி. ஆனால் நாளைக்கு வர வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் நிறுத்திவிடக்கூடிய கான்ட்ராக்ட் பெண்ணின் சம்மதத்துக்கு எவ்வளவு எடை இருக்கும்? பாலியல் தொல்லைச் சட்டத்திலும் இதே சிக்கல். பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் வேலை செய்கிறவர் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். முந்திரிக் கம்பெனியில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கடலூருக்குப் புறப்படும் பெண் அந்தப் பயணத்துக்குக் காரணம் என்ன என்று வீட்டிலும் சொல்ல வேண்டும், கம்பெனியிலும் சொல்ல வேண்டும்.

எண்ணிக்கை பார்க்காத சட்டம் ஒன்று சமீபத்தில் வந்தது. கேரளம் 2018-இலும், அதைப் பின்பற்றித் தமிழ்நாடு 2021-இலும் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்தன. கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் நடத்திய போராட்டத்தின் விளைச்சல் அது. ஒரு ஸ்டூல் போட 30 பேரை எண்ண வேண்டியதில்லை. சிதம்பரம் கீழ வீதியில் புடவை எடுக்கப் போகிற யார் வேண்டுமானாலும், இருக்கை இருக்கிறதா இல்லையா என்று உள்ளே நுழைந்ததும் பார்த்துவிடலாம். ஆனால் இருக்கை இருந்தும் ஆள் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். மேற்பார்வையாளர் முகத்தைப் பார்த்தபடி, வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நிற்கிறார்கள். ஆகவே எளிய சட்டமும் தானாக நடக்காது. உட்கார்ந்தால் வேலை போகாது என்ற உறுதியை உள்ளே வேலை செய்கிறவர்களே ஒருவருக்கொருவர் தர வேண்டியிருக்கிறது. 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் இதற்கு நல்ல சான்று. ஒரு பெண் தொழிலாளியின் கொலைக்குப் பிறகு, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அங்குள்ள ஆயத்த ஆடை ஆலையோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அது. வேலைத்தளத்திலேயே தொழிலாளிகளில் இருந்து கண்காணிப்பாளர்களை நியமித்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட்டது. சிப்காட் கிராமங்களில் நெடியைக் குறித்து வைத்தவர்களும் திண்டுக்கல்லில் தொல்லையைக் குறித்து வைத்தவர்களும் செய்தது ஒரே வேலை.

செலவுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் நம்மிடம் பழைய விடை இருக்கிறது. பீடித் தொழிலில் பெரும்பாலான பெண்கள் வீட்டில் உட்கார்ந்துதான் சுற்றினார்கள். தலையை எண்ணப் போனால் எண்ணி முடியாது. அதனால் 1976-இன் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டங்கள் தலையை விட்டுவிட்டுப் பீடியை எண்ணின. உற்பத்தியாகும் பீடிக்கு ஒரு சிறு தீர்வை. அந்தப் பணத்தில் மருந்தகங்கள், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, வீட்டுக் கடன். குறைகள் இல்லாமல் இல்லை. அட்டை வாங்க முதலாளியின் அத்தாட்சிக்கு அலைய வேண்டியிருந்தது, புகையிலைத் தூசி வீட்டுக்குள்ளேயே இருந்தது, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வையும் போய்விட்டது. இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவளையும் தொழிலாளி என்று ஏற்று, அவள் உழைப்பிலிருந்து வரும் பொருளில் அவளுக்கு ஒரு பங்கு வைத்தது அந்த முறை. கட்டடத் தொழிலாளருக்குக் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் எடுப்பதும் இதே வழிதான்.

முந்திரிக்கும் இது பொருந்தும். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தாலும் உள்ளூர்த் தோப்பிலிருந்து வந்தாலும் கொட்டை மூட்டை மூட்டையாகத்தான் வருகிறது; பருப்பு பில்லோடுதான் வெளியே போகிறது. முந்திரியை உடைக்கும் பெண்ணை ஏட்டிலிருந்து மறைக்கலாம், மூட்டையை மறைப்பது கடினம். மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு நல நிதி எடுத்தால், பத்துக் கம்பெனி உள்ள ஊரில் ஒரு பொதுக் காப்பகம் வைக்க முடியும். அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். அது இரண்டு வயதுக்குப் பிறகுதான் பிள்ளையைச் சேர்க்கும். கம்பெனி விடுவதற்கு முன்பே மூடிவிடும். கைக்குழந்தையை வைத்திருக்கும் பெண்ணுக்கு வேலை நேரம் முழுக்கத் திறந்திருக்கும் காப்பகம் வேண்டும். அதே நிதியில் தோல் மருத்துவர் மாதம் ஒரு முறை வரலாம். ஊருக்கு இரண்டு பெண்களைக் கண்காணிப்பாளராகப் பயிற்றுவிக்கலாம். சிறு கம்பெனி முதலாளிகளுக்கும் இதில் நன்மை உண்டு. தனியாகக் காப்பகம் நடத்த முடியாத ஒருவர், மூட்டைக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்வார். ஏமாற்றுகிறவருக்கு மலிவு, ஒழுங்காக நடத்துகிறவருக்கு நஷ்டம் என்ற இன்றைய நிலையும் மாறும்.

இந்த நல நிதி ஒரு புறம் இருக்க, எண்ணிக்கை வரம்பைத் தாண்டிச் சிறு கம்பெனிகளை எட்டப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தொழிற்சாலைகள் சட்டத்தின் 85-ஆவது பிரிவு, ஆள் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் உற்பத்தி நடக்கும் எந்த இடத்துக்கும் சட்டத்தைப் பொருத்தும் அதிகாரத்தை 1948 முதலே மாநில அரசுக்குத் தந்திருந்தது. குடும்பத்தார் மட்டும் வேலை செய்யும் இடத்துக்குத்தான் விலக்கு. புதிய தொகுப்பிலும் அதே போன்ற அதிகாரம் இருக்கிறது. அரசு ஒரு தொழிலை, ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்ளட்டும்: பண்ருட்டி வட்டம், முந்திரி உடைத்தல். பத்துக்குக் குறைவான ஆட்கள் இருந்தாலும் கழிப்பறை, கைகழுவும் இடம், கையுறையோடு கணக்கிட்ட கிலோ கூலி ஆகிய மூன்றும் கட்டாயம் என்று ஓர் அறிவிக்கை வெளியிடட்டும். மாவட்ட ஆட்சியரும் தொழிலாளர் துறையும் தொழிற்சங்கங்களும் கேட்க வேண்டியது இதைத்தான். வாசகர்களில் கடலூர், சிதம்பரத்துக்காரர்கள் இருந்தால், உங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஊருக்கு வரும்போது இந்த ஒரு அறிவிக்கையைப் பற்றிக் கேளுங்கள்.